உயர்தர இந்து நாகரிகப் பாடவிதானக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடவிதானக் குழுவினருக்கும் வினாத்தாள் ஆக்குவோருக்கும், வணக்கம்.

க.பொ.த. உயர்தரக் கலைப்பிரிவில் இந்து நாகரிகம் கற்பிக்கும் ஆசிரியர்களுள் ஒருவராக இதனை எழுதுகிறேன். மெய்யியல் அலகுகளில் மாணவர் ஒரு கொள்கையை எதிர்த்தோ ஆதரித்தோ வாதிடுவதற்கும் புள்ளி வழங்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

வன்னியில் ஒரு வகுப்பில் வினைக்கொள்கையைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். சஞ்சிதம் (முற்பிறப்புகளில் சேர்ந்த வினை), பிராரத்தம் (அதில் இப்பிறப்பில் அனுபவிக்கும் பகுதி), ஆகாமியம் (இப்பிறப்பில் புதிதாகச் சேரும் வினை) என்று கரும்பலகையில் எழுதி முடித்ததும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "ரீச்சர், 2009இல என்ர அக்கா செத்தவ. அப்ப அவவுக்கு நாலு வயசு. அவ என்ன வினை செய்தவ?" முற்பிறப்பில் செய்தது என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். "ஞாபகமே இல்லாத ஒண்டுக்குத் தண்டனை குடுக்கிறது நீதியோ?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். மறுபிறப்புக் கொள்கையில் மெய்யியலாளர் இன்றும் எதிர்கொள்ளும் கடினமான தடைகளுள், அதாவது எதிர்வாதங்களுள், ஒன்றை அவள் தன் இழப்பிலிருந்தே கண்டெடுத்திருந்தாள். ஆயினும் பரீட்சையில் அவளுக்குப் புள்ளி பெற்றுத்தருவன அந்த மூன்று பெயர்களும் அவற்றின் வரைவிலக்கணங்களுமே.

இத்தகைய கேள்விகள் பக்தியைக் குலைத்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்துக்கு நம் சாத்திரங்களில் ஆதாரம் இல்லை. மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் 12 சூத்திரங்களையும் மேற்கோள் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்ற முறையில் நிறுவிச் செல்கிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் (பிறர் கொள்கைகளை ஆராயும் பகுதி) உலகாயதம் என்ற பொருள்முதல்வாதம் தொடங்கிப் 14 மதங்களின் கூற்றை முதலில் உரைத்து, அதன் பின்னரே மறுப்பைத் தொடுக்கிறார். தம் கொள்கையை நிறுவும் சுபக்கத்திலோ, இன்பதுன்பங்கள் இயல்பாகவே வருவன, அவற்றுக்கு வினை எதற்கு என்ற தடையைத் தாமே எழுப்பி விடை கூறுகிறார். அவர் விடை நிறைவானதா என்பதைப் பதினெட்டு வயது மாணவரால் ஆராய முடியும். அளவையியலையும் ஒரு பாடமாகப் படிப்பவர் இன்னும் நன்றாகவே ஆராய்வார். ஆனால் சைவ சித்தாந்தத்தைப் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) என்ற பட்டியலாகச் சுருக்கி, கடந்தகால வினாத்தாள்களின் விடைகளை மனனம் செய்விப்பதிலேயே இரண்டு ஆண்டுகளும் கழிந்துவிடுகின்றன.

ஆகவே, கட்டுரை வினாக்களுள் ஒன்றிலேனும் ஒரு தடையையும் அதற்குரிய சாத்திர விடையையும் தந்து, அவ்விடை தடையைத் தீர்க்கிறதா எனக் காரணத்துடன் எழுதும்படி மாணவரைக் கேளுங்கள். திருத்துவோரிடையே புள்ளிகள் வேறுபடும் என்பது நியாயமான கவலையே. எதிர்த்தரப்பைத் திரிக்காமல் எடுத்துரைத்ததற்கு இவ்வளவு, ஏதுவுக்கு இவ்வளவு, பொருத்தமான எடுத்துக்காட்டுக்கு இவ்வளவு என்று புள்ளித்திட்டத்தில் வகுத்துவிட்டால், மாணவர் எந்த முடிவுக்கு வந்தாலும் ஒரே அளவுகோலால் திருத்தலாம். வினைக்கொள்கையை மறுத்து எழுதியவருக்கும் ஏற்று எழுதியவருக்கும் முழுப் புள்ளி பெறும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதை அத்திட்டத்தில் வெளிப்படையாகவே குறிப்பிடுங்கள். இல்லையேல் மாணவர் துணிந்து எழுதமாட்டார்கள், நாங்களும் எழுதச் சொல்லமாட்டோம்.

அடுத்த பாடவிதானத் திருத்தம் வரை காத்திராமல், இவ்வகை மாதிரி வினாக்கள் சிலவற்றைப் புள்ளித்திட்டத்துடன் பாடசாலைகளுக்கு அனுப்பிவைக்குமாறும், அவற்றை ஆக்கும்போது அளவையியல் ஆசிரியர்களையும் உடன் சேர்த்துக்கொள்ளுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இந்து நாகரிக ஆசிரியர் ஒருவர்