மிரட்டினால்தான் வெற்றியா?

ஆசிரியருக்கு,

மாணவர்களை விரட்டி வேலை வாங்கும் பயிற்சியாளரே கோப்பை வாங்கித் தருவார் என்று பலரும் நம்புகிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில், செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் 1953 முதல் 2012 வரை அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர் ஜான் கலியார்டி. அவர் மைதானத்தில் விசில் கிடையாது. பயிற்சியின்போது ஒருவரையொருவர் மோதி வீழ்த்தக் கூடாது. 'கோச்' என்று கூப்பிடவும் விடமாட்டார். புதிதாகச் சேர்ந்த பையனுக்கும் அவர் வெறும் ஜான்தான். வார்ம்-அப் நேரத்தில் வீரர்கள் புல்லில் மல்லாந்து படுத்து, பக்கத்தில் கிடப்பவனிடம் 'இன்றைக்கு என்ன அருமையான நாள்!' என்று சொல்ல வேண்டும். அதுவும் பயிற்சியில் சேர்த்தி.

இப்படி இருந்தால் ஜெயிக்க முடியுமா? 489 வெற்றிகள், நான்கு தேசியப் பட்டங்கள்! கல்லூரிக் கால்பந்தில் இத்தனை ஆட்டங்களை வென்ற பயிற்சியாளர் வேறு யாரும் இல்லை.

1943இல் பள்ளி அணியின் பயிற்சியாளர் போருக்குப் போக, 16 வயதிலேயே அந்தப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. ஒரு வீரனாகத் தனக்குப் பிடிக்காததையெல்லாம் அப்போதே தூக்கி எறிந்தார். பயிற்சியின் நடுவே தண்ணீர் குடிக்கவிடாத அன்றைய வழக்கத்தை விட்டு, கேட்டவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

தண்ணீரா பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2018இல் மேரிலாந்து பல்கலைக்கழக வீரர் ஒருவர் ஓட்டப் பயிற்சியில் வெப்பத் தாக்கத்தால் சரிந்தார். இரண்டு வாரத்தில் இறந்துபோனார். வயது 19. பயிற்சியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் கல்லூரிகள் கோப்பைக் கணக்கோடு, அவர்களிடம் விளையாடிய பழைய மாணவர்களையும் கூப்பிட்டு விசாரிக்கட்டும்.

— வாசகர் ஒருவர்