பார்த்துக்கொள்ளலாம் என்றால் எப்போது?

அன்புள்ள கண்ணா,

புதிய மருத்துவமனையில் ரத்தம் ஏற்றிக்கொண்டு நல்லபடியாக வீடு திரும்பிவிட்டாய் என்றதும் நிம்மதி. ஆனால் "ஃபெரிட்டின் கொஞ்சம் கூடியிருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர்" என்று போகிற போக்கில் சொன்னாயே, அது என்னைத் தூங்கவிடவில்லை. உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை ரத்தத்தில் காட்டும் அளவு அல்லவா அது? யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது? அதைக் கேட்காமல் நீ நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

ரத்தம் சரியாக ஊறாத உன் தலசீமியாவைவிட, ஏற்றும் ரத்தத்தோடு வருகிற இரும்புதான் எனக்கு என்றும் பயம். ஒரு பை ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்பு தானாக இழப்பதோ நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிகிராம். மீதி கல்லீரலிலும் இதயத்திலும் சுரப்பிகளிலும் போய்த் தங்குகிறது. தங்கும்போது வலிப்பதில்லை. அதனால்தான் உடம்பு தெம்பாக இருக்கிற நாளில் இரும்பை வெளியேற்றும் மாத்திரை தப்பிப்போகிறது.

ஃபெரிட்டினை மட்டும் நம்பி இருந்துவிடாதே. சாதாரணக் காய்ச்சலிலும் அது ஏறும்; அது குறைவாக இருக்கும்போதே இதயத்தில் இரும்பு சேர்ந்திருக்கவும் கூடும். இதயத்தில் சேர்ந்த இரும்பைக் காட்டுவது டி2 ஸ்டார் எம்ஆர்ஐ என்ற ஸ்கேன். அதில் வரும் எண் 20 மில்லிசெகண்டுக்குக் கீழே வந்தால் இரும்பு சேர்ந்திருக்கிறது என்று பொருள். 10-க்குக் கீழே போனால் ஆபத்து. பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி மேசைமேல் வை. "கடைசியாக எடுத்தது இது, அடுத்தது எப்போது?" என்று கேள். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தேன். இது எதிர்த்துப் பேசுவதில் சேராது, கண்ணா.

இரும்பை வெளியேற்ற நீ சாப்பிடும் டெஃபெராசிராக்ஸ் வயிற்றைப் புரட்டினால் நீயாக நிறுத்திவிடாதே, டாக்டரிடம் சொல். அளவையோ மருந்தையோ மாற்றுவார்கள். சிறுநீரகத்தைப் பார்க்கும் கிரியேட்டினினும் கல்லீரல் பரிசோதனையும் மாதாமாதம், கண்ணும் காதும் ஆண்டுக்கு ஒருமுறை. இரும்பை வெளியேற்றும் இன்னொரு மருந்தான டெஃபெரிப்ரோனுக்கு மாற்றினால் மட்டும் வேறு விதி: காய்ச்சலோ தொண்டை வலியோ வந்த அன்றே மருந்தை நிறுத்திவிட்டு, வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்லி ஓடு. மறுநாளுக்குத் தள்ளாதே.

இன்னொன்று. உன் ஹீமோகுளோபினைப் பார்த்ததும், உன்னை அறியாத டாக்டர் யாராவது ரத்தசோகை என்று இரும்பு மாத்திரை எழுதிவிடக்கூடும். "எனக்கு இரும்பு ஏற்கெனவே கூடுதல்" என்று அங்கேயே சொல்லிவிடு. வைட்டமின் சி மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதே.

எம்ஆர்ஐ எடுக்கத் தேதி வாங்கியதும் எனக்கு எழுது. டாக்டர் சொன்னதோடு, நீ என்ன கேட்டாய் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அம்மா