மோட்டார் சைக்கிளைக் கட்டி ஏற்றிச் செல்லும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறைக்கு ஊர் புறப்படும் வாகனங்களின் பின்னால், ட்ரெய்லரிலோ தாங்கியிலோ பக்க ஸ்டாண்டில் சாய்த்து நைலோன் கயிற்றால் கட்டிய மோட்டார் சைக்கிள்களைப் பேலியகொடையில் காண்கிறோம். குழியில் இறங்கினால் சொக்கப்சோபர் அமுங்கும், கயிறு தளரும், வண்டி சரியும்.

ஸ்டாண்டை மடக்கி, முன்சில்லைத் தடுப்பில் முட்டவைத்து, நான்கு ராட்செட் (நெம்பி இறுக்கும்) பட்டிகளை நாலு மூலைக்கும் இழுங்கள். முன் சொக்கப்சோபர் பாதி அமுங்கினால் போதும். முழுதாக அமுக்கினால் எண்ணெய் சீல் போகலாம். பட்டியை ஹாண்டில் நுனியில் கொளுவாதீர்கள், திரும்பிவிடும். முன் சொக்கப்சோபர்களைப் பிடித்திருக்கும் கீழ்க் கவ்வியே பலம். பத்துப் பதினைந்து கிலோமீற்றரில் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள்.

வாகனத்தின் பின்கொக்கியில் மாட்டும் பைக் தாங்கி சின்னக் கார்களுக்கு ஆகாது. 110 கிலோ பைக் பின்அச்சுக்கு அப்பால் தொங்கினால் காரின் முன்சில்லுகள் இலேசாகி ஸ்டியரிங் பிடிக்காது. ட்ரெய்லரே மேல். ஆனால் அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்கவேண்டும். அதைவிடக் குறைந்தால், வேகமாக ஓடும்போது ட்ரெய்லர் வாலாட்டும்.

வாசகர்,
வெள்ளவத்தை