சித்தப்பாவுக்கு, இறக்கையை வெட்டியதைப் பற்றி

அன்புள்ள சித்தப்பா,

நீங்கள் கொடுத்த ரேடியோ விமானத்தின் இறக்கையை வெட்டிவிட்டேன், ஃப்ளாப் வைக்க. அதுதான், மெதுவாக இறங்குவதற்காகக் கீழே மடக்குகிற பின் விளிம்புத் தகடு. வேறு யாராவது வந்து சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போனில் சொன்னால் "சரி" என்று வைத்துவிடுவீர்கள், அதனால்தான் இப்படி.

விமானத்தைச் சாய்க்கிற நுனிப்பக்கத் தகடான ஏலரானுக்கு உள்பக்கம், உடலை ஒட்டி, இரண்டு பக்கமும். அகலம் இறக்கையில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. மேலே போர்த்திய கவரிங்கை உரித்தால், இறக்கையின் விலா எலும்பு மாதிரியான ரிப் ஒவ்வொன்றிலும் உங்கள் பென்சில் எழுத்து. எண், அம்புக்குறி. மூன்றாவதில் மட்டும் "பசை போதாது" என்று எழுதி, அடியில் கோடு வேறு. அந்த ரிப்பின் வாலைத்தான் முதலில் வெட்ட வேண்டியிருந்தது. பிளேடை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன், அப்புறம் வந்துதான் வெட்டினேன். மன்னித்துக்கொள்ளுங்கள். பின் விளிம்பைத் திறந்தால் இறக்கை முறுக்குத் தாங்காது என்பீர்கள். வெட்டிய இடம் முழுக்க பால்சா மரப் பட்டை ஒட்டி மூடியிருக்கிறேன். கையால் முறுக்கிப் பார்த்தேன், விறைப்பாகத்தான் இருக்கிறது. பசையும் போதும்.

காற்றே இல்லாத அந்த மாலையை நீங்கள் மறந்திருப்பீர்கள். த்ராட்டிலை முழுக்கக் குறைத்தும் விமானம் இறங்கவில்லை. முழங்கால் உயரத்தில் மிதந்துகொண்டே போனது. மைதானம் முடிகிற இடத்தில் மேலே ஏற்றி, சுற்றிக்கொண்டு வந்தீர்கள். மறுபடியும் அதே கதை. "ஃப்ளாப் இருந்தால் வேகம் ஏறாமல் இறக்கிவிடலாமே சித்தப்பா" என்றேன். விமானத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "கை நடுங்குறவனுக்குத்தாண்டா அதெல்லாம்" என்றீர்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த சுற்றில் ஒரு பக்கம் சாய்த்து, எதிர்ப்பக்கம் வால் சுக்கானை, ரட்டரைக் கொடுத்து, சறுக்கவிட்டே கொண்டுவந்து என் காலடியில் நிறுத்தினீர்கள். அப்படி ஒரு லேண்டிங்கை அதற்கப்புறம் நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பும் இன்னும் காதில் இருக்கிறது.

நீங்கள் ஏன் மைதானத்துக்கு வருவதை நிறுத்தினீர்கள் என்று இங்கே எழுத மாட்டேன். அன்று சிரித்தவர்கள் சிலரும் இதைப் படிப்பார்கள். விமானத்தைக் கொடுத்தீர்கள், ட்ரான்ஸ்மிட்டரைக் கொடுத்தீர்கள், காரணத்தை மட்டும் நான் ஊரார் வாயிலிருந்து கேட்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான் சொல்வேன்.

ஏலரான் இரண்டையும் சேர்த்து இறக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். நுனிவரை இறக்கினால் நுனிதான் முதலில் ஸ்டால் ஆகும், அதாவது தூக்கும் விசையை இழக்கும், ஒரு பக்கமாகக் கவிழும் என்று சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். ஃப்ளாப்பை அசைக்கிற சின்ன மோட்டார்கள், சர்வோ இரண்டும் எதிரெதிராக உட்கார்ந்திருக்கின்றன. ஒரே சேனலை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கிற வை கேபிள் போட்டால் ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும். அதனால் தனித்தனி சேனல் கொடுத்து, ஒன்றை ரிவர்ஸ் செய்தேன். சுவிட்சைத் தட்டினால் இரண்டு நொடி எடுத்து மெதுவாக இறங்குகின்றன. டேக்ஆஃபுக்கு 15 டிகிரி, லேண்டிங்குக்கு 40. நாற்பதா என்று புருவத்தைத் தூக்காதீர்கள். ஆள் ஏறிப் பறக்கிற செஸ்னா 172இலேயே 1981 மாடலில் 40ஐ 30ஆகக் குறைத்தார்கள் என்று எனக்கும் தெரியும். முழு ஃப்ளாப்போடு மறுபடி மேலே ஏறுவது அதற்குக் கஷ்டம். நம் மோட்டாருக்கு அந்தப் பஞ்சம் இல்லை.

ஒன்று பாக்கி. ஃப்ளாப் இறங்கியதும் மூக்கைத் தூக்கும், வாலில் மூக்கை ஏற்றி இறக்குகிற எலிவேட்டரும் கூடவே கொஞ்சம் கீழே இறங்கும்படி ட்ரான்ஸ்மிட்டரில் மிக்ஸ் செய்ய வேண்டும். எவ்வளவு என்பதை நல்ல உயரத்தில் வைத்துத்தான் பார்க்க முடியும். அதற்கு ஸ்டிக்கைப் பிடிக்க ஒருவர், மெனுவில் எண்ணை மாற்ற ஒருவர் வேண்டும். மெனுவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஸ்டிக்குக்கு நீங்கள் வாருங்கள். உயரம் நிறைய இருக்கும், ஒரு அவசரமும் இல்லை. வரவில்லை என்றால் நானே பறக்கவிடுவேன், அப்புறம் ட்ரிம் சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியக்கூடாது.