மருந்து கொடுத்த பிறகும் மாணவர்கள் அங்கே இருக்கட்டும்

சென்னையின் நர்சிங் கல்லூரி முதல்வர்களுக்கும் மருத்துவமனை நர்சிங் கண்காணிப்பாளர்களுக்கும்,

வணக்கம். உங்கள் மாணவர்கள் பயிற்சிக்கு வரும் வார்டு ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்று ஐந்தையும் எல்லாரும் மூச்சு விடாமல் சொல்கிறார்கள். ஆனால் கொடுத்த மருந்து என்ன செய்தது என்று பார்க்க அவர்களுக்கு நேரமே கிடைப்பதில்லை.

இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வகையும் புழக்கத்தில் இருக்கின்றன. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். இதை மாணவர்கள் கணக்காகப் போட்டுப் படித்திருக்கிறார்கள். சரியான டோஸே போட்டாலும் வேலை அதோடு முடியாது. சாப்பாடு வந்ததா, நோயாளி சாப்பிட்டாரா, இல்லை வாந்தி எடுத்துவிட்டாரா? ரெகுலர் இன்சுலின் உச்சமாக வேலை செய்வது இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள். சர்க்கரை ரொம்ப இறங்கி வியர்வையும் கைநடுக்கமும் வந்தால் பெரும்பாலும் அப்போதுதான் வரும். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்ட மாணவி அந்நேரம் கல்லூரி பஸ்ஸில் இருப்பாள்.

பிரசவ வார்டில், ரத்த அழுத்தம் ஏறிய தாய்மார்களுக்கு வலிப்பைத் தடுக்கக் கொடுக்கும் மக்னீசியம் சல்ஃபேட் இன்னும் கண்டிப்பானது. அடுத்த டோஸுக்கு முன் முழங்காலில் தட்டினால் கால் உதறுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது இறங்குகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மக்னீசியம் அதிகமானால் முறிக்கும் மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு தாயின் பக்கத்தில் நின்று இதைச் செய்து பார்த்தவளுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

நோயாளியை அடையாளம் காண்பதும் அப்படித்தான். ஒரே வார்டில் இரண்டு லட்சுமி இருப்பார்கள். "லட்சுமிதானேம்மா?" என்று கேட்டால், காது மந்தமான பாட்டி எந்தப் பெயருக்கும் "ஆமாம்மா" என்பார். "உங்க பேர் சொல்லுங்கம்மா, வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து, கேஸ் ஷீட்டோடு ஒத்துப் பார்க்கப் பழக்குங்கள். படுக்கை எண்ணை நம்பவே கூடாது. காலையில் ஜன்னலோரம் இருந்தவர் மதியம் வேறு கட்டிலில் இருப்பார்.

அப்புறம், பயம். "கொடுக்கப் போனேன், கடைசி நேரத்தில் பார்த்தேன், வேறு மருந்து" என்று ஒரு மாணவி வந்து சொன்னால் தயவுசெய்து பெற்றோரை வரச் சொல்லாதீர்கள். திட்டு வாங்கியவள் அடுத்த முறை வாய் திறக்க மாட்டாள், கூட இருப்பவர்களும் மறைக்கக் கற்றுக்கொள்வார்கள். நோயாளிக்கு அதைவிட ஆபத்து வேறில்லை. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மருந்துத் தீங்கைக் குறைக்க உலகளாவிய முயற்சியைத் தொடங்கியபோதும், தவறு நடக்க இடம் தரும் முறைகளைச் சரிசெய்யத்தான் சொன்னது.

நான் கேட்பது இதுதான். வார்டு முழுக்க ஊசி போட அனுப்பாமல், ஒரு மாணவருக்கு இரண்டு நோயாளிகளை மட்டும் கொடுங்கள். மருந்துச் சீட்டைப் படிப்பதிலிருந்து, கொடுத்த பின் கவனித்ததை நேரம் போட்டு எழுதுவது வரை அவரே செய்யட்டும், பக்கத்தில் ஆசிரியரோ நாங்களோ இருக்கிறோம். பயிற்சிப் பதிவேட்டில் அந்தக் கவனிப்புக்கும் மதிப்பெண் வையுங்கள். அடுத்த போஸ்டிங்கிலேயே ஆரம்பிக்கலாம். அதற்காக ஷிஃப்ட் முடிந்தும் கூடுதலாக நிற்க நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ், சென்னை