இன்னும் பலகை வாங்காதே, பாப்பா

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பணம் வந்துவிட்டது. உன் அறைத் தரையில் பதிக்கும் மரப் பலகையை மட்டும் இன்னும் ஆர்டர் செய்யாதே.

உன் அறை 12-க்கு 10 அடி, 6 பெட்டி பலகை போதும் என்று எழுதியிருந்தாய். அது நம் வாய்க்கணக்கு. அந்த அறை முதலில் பின்பக்கத் தாழ்வாரம். நீ பிறந்த பிறகுதான் சுவர் எழுப்பினோம். கட்டியவர் மூலைமட்டம் வைத்துப் பார்த்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். நேற்று மூன்று மூன்று இடத்தில் டேப் பிடித்தேன். நீளம் ஜன்னல் பக்கம் 12 அடி 1 அங்குலம், கதவுப் பக்கம் 11 அடி 10. அகலம் ஒரு முனையில் 10 அடி 2, மறுமுனையில் 10 அடி 1. எப்போதும் பெரிய அளவைத்தான் எடுக்க வேண்டும். பெருக்கினால் ஏறக்குறைய 123 சதுர அடி. வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 135. பெட்டிக்கு 20 சதுர அடி என்றால் 7 பெட்டி. குறைந்ததை அப்புறம் வாங்கினால் நிறம் ஒத்துப்போகாது.

பலகை 5 அங்குல அகலம். சுவரோரம் இரு பக்கமும் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும், நம் ஊர் ஈரத்துக்கு மரம் உப்பும். ஆக அகலவாக்கில் 24 வரிசை போட்டதும் மிச்சம் ஒரு முனையில் கட்டைவிரல் அகலம், மறுமுனையில் ஈர்க்குச்சி! அதனால் முதல் வரிசையையே 3 அங்குலமாக அறுத்துத் தொடங்கச் சொல்லப் போகிறேன், அப்போதுதான் கடைசி வரிசைக்கும் அகலம் கிடைக்கும்.

தரை வடிகால் பக்கம் சாய்கிறது. சாய்வு பரவாயில்லை, மேடு பள்ளம்தான் ஆகாது. உன் பாட்டி உரல் போட்டு இடித்த இடத்தில் நல்ல பள்ளம். நேரான அலுமினியக் கட்டையை வைத்தால் அடியில் விரல் நுழைகிறது. 2 மீட்டர் நீளத்துக்கு 3 மில்லிமீட்டர் பள்ளம்தான் தாங்குமாம். அதைப் பூசி நிரப்பிவிடலாம்.

எனக்குக் கவலை குளியலறைச் சுவர் ஓரம்தான். ஈரம் ஏறுகிறதா என்று பார்க்க, அங்கே தரையில் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டேன். உரித்தால் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர், சிமெந்து கறுத்திருக்கிறது. குழாய் கசிகிறது போல. அதைச் சரிசெய்து, தரை காய்ந்து, தாளை மறுபடி ஒட்டிப் பார்த்த பிறகுதான் பலகை.

நீ தேர்ந்தெடுத்தது ரப்பர் மரமாமே. உன் அம்மா சிரித்துக்கொண்டே இருக்கிறாள். நாங்கள் பால் வற்றிய மரத்தை அடுப்பில் வைத்தோம். வெட்டிப் போட்ட சில நாளில் நீலப் பூஞ்சை பூக்கும், வண்டு துளைக்கும். இப்போது மருந்தேற்றி, சூளையில் உலர்த்தித் தருகிறார்கள். அந்த மருந்தேற்றியதா என்று கடையில் கேட்டுக்கொள்.

பெட்டிகள் வந்ததும் அந்த அறையிலேயே இரண்டு நாள் படுக்க வைக்க வேண்டும். அலமாரியை நகர்த்தியாக வேண்டும். அதில் உன் பள்ளி ஹாக்கி மட்டை இருக்கிறது. வைத்திருக்கவா, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிடவா?

அப்பா