பெட்டி ஒன்றுதான், தோட்டா வேறு: உங்கள் சேபோ ஸ்லக் குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: 12 கேஜ் சேபோ ஸ்லக், புதிய லாட்டில் (உற்பத்தித் தொகுதியில்) குறி சிதறுவது, உங்கள் முந்தைய பதில் குறித்து

ஐயா / அம்மையீர்,

பிளாஸ்டிக் உறையில் (சேபோ) பொதிந்த ஒற்றைக் குண்டாக ஷாட்கன்னில் சுடும் உங்கள் சேபோ ஸ்லக் குறித்து நான் எழுதும் இரண்டாவது கடிதம் இது. முதல் கடிதத்துக்கு நீங்கள் அனுப்பிய பதில் மூன்று வரி. குழலைச் சுத்தம் செய்யுங்கள், ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) திருகுகளைப் பாருங்கள், ரைஃபிளிங் (குண்டைச் சுழற்றும் உட்சுருள் வரிகள்) இல்லாத குழலில் சேபோ ஸ்லக்கைச் சுடாதீர்கள் என்று அதில் இருந்தது. என் துப்பாக்கியில் இருப்பது 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று வரும் ரைஃபிளிங் குழல் என்று கடிதத்தின் இரண்டாவது வாக்கியத்திலேயே எழுதியிருந்தேன். அதைப் படித்த யாரும் அப்படிப் பதில் எழுதியிருக்க மாட்டார்கள். அதனால் இந்த முறை கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் வேட்டையாடுவது ஒஹாயோவில். இங்கே 2014 முதல் மான் வேட்டைக்கு நேர்ச்சுவர் தோட்டா (உறையின் வாய்ப்பக்கம் கழுத்தாகக் குறுகாதது) ரைஃபிள்களையும் அனுமதித்துவிட்டார்கள். கூட வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்கு மாறியாயிற்று. நான் மாறவில்லை. காரணம் உங்கள் ஸ்லக்தான். நான்கு வருடமாக 100 கஜத்தில் மூன்று தோட்டாவும் மூன்று அங்குலத்துக்குள் விழுந்தன. மானின் நெஞ்சுப் பகுதியில் குறி வைக்கக் கிடைக்கும் இடம் ஏறக்குறைய எட்டு அங்குல வட்டம். அதற்கு மூன்று அங்குலக் குரூப் (குண்டுகள் விழுந்த பரப்பு) தாராளம். இதற்கு மேல் ஒரு ஷாட்கன்னிடம் எதைக் கேட்பது?

போன சீசனுக்கு முன்னால் அதே பெயர், அதே படம், அதே எடை அச்சிட்ட ஐந்து தோட்டாப் பெட்டிகள் ஆறு வாங்கினேன். பெட்டி 18 டாலர். பழைய பெட்டி ஒன்றில் ஐந்து தோட்டா மிச்சம் இருந்ததால் அதில் மூன்றைச் சுட்டு ஜீரோவை, அதாவது ஸ்கோப் காட்டும் இடத்திலேயே குண்டு விழுகிறதா என்று, சரிபார்த்தேன். எப்போதும் போல அழகாக விழுந்தன. வேட்டைக்குப் போகும்போது துப்பாக்கியில் மூன்று தோட்டா ஏற்றலாம் என்பது இங்குள்ள விதி. பழையது இரண்டுதான் இருந்தது. சரி, ஒரே சரக்குதானே என்று அந்த இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டுப் புதிய பெட்டியைப் பிரித்தேன். லாட் எண் மாறியிருந்ததைக் கவனித்தும் மறுபடி சுட்டுப் பார்க்காமல் போனது என் தவறு. அதை மறைக்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம், சோயா வயல் ஓரத்தில், தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரில் 85 கஜம். ஒரு பெண் மான் பக்கவாட்டில், இடப்பக்கம் பார்த்து நின்றது. துப்பாக்கியைக் கட்டையில் தாங்கித்தான் சுட்டேன். தோளுக்குப் பின்னால் வைத்த குறி ஏழு அங்குலம் தள்ளி வயிற்றில் பட்டது. மான் நின்ற இடத்தில் ரத்தத்தோடு பச்சைக் கசடு கிடந்ததைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அப்படிப் பட்ட மானை உடனே துரத்தினால் அது இன்னும் தூரம் ஓடும். மனதை அடக்கிக்கொண்டு திரும்பிவிட்டு மறுநாள் காலையில் தேடினேன். முந்நூறு கஜம் தள்ளி ஓடைக்கரையில் கிடந்தது. இறைச்சியில் பாதிதான் தேறியது. அந்த மான் எவ்வளவு நேரம் உயிரோடு கிடந்ததோ. நான் இந்தக் கடிதம் எழுதுவதற்கு 18 டாலர் முக்கியக் காரணம் இல்லை.

அடுத்த வாரம் சுடுதளத்துக்குப் போனேன். நீங்கள் சொல்லாமலே குழலை உலோகம் தெரியும்வரை துடைத்திருந்தேன், பிளாஸ்டிக் படிவு உட்பட. ஸ்கோப் திருகுகள் இறுக்கமாகவே இருந்தன. குழல் ரிசீவரோடு (துப்பாக்கியின் நடு உடல்) சேரும் இடத்தில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்த்தேன், இல்லை. ஒவ்வொரு குண்டுக்கும் இடையே ஐந்து நிமிடம் குழல் ஆறவிட்டேன். புதிய லாட்டில் பன்னிரண்டு சுட்டேன். 12 கேஜ் ஸ்லக் பெஞ்சில் உட்கார்ந்து சுடும்போது எப்படி உதைக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தோளில் பாரித்த நீலம் மறைய நான்கு நாள் ஆகியது.

100 கஜத்தில் அந்தப் பன்னிரண்டும் ஒன்பது அங்குலத்துக்குச் சிதறின. குரூப்பின் நடுவும் நான்கு அங்குலம் வலப்பக்கம் நகர்ந்திருந்தது. அதே பெஞ்சில், அதே மணிநேரத்தில், மிச்சமிருந்த பழைய இரண்டைச் சுட்டேன். இரண்டும் ஒன்றரை அங்குல இடைவெளியில் மையத்திலேயே விழுந்தன. வேறொரு கம்பெனியின் சேபோ மூன்றும் இரண்டரை அங்குலத்துக்குள் வந்தன. குழல் கெட்டிருந்தால் இவையும் சிதறியிருக்க வேண்டுமே?

குண்டின் வேகம் அளக்கும் குரோனோகிராஃப் வைத்தும் பார்த்தேன். போன வருடம் என் குறிப்பேட்டில் எழுதிவைத்த சராசரி வினாடிக்கு 1790 அடி. புதிய லாட்டில் 1690. வேகமானதற்கும் மந்தமானதற்கும் இடையே 110 அடி வித்தியாசம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1850 உங்கள் நீளமான சோதனைக் குழலில் கிடைத்ததாக இருக்கலாம். என் 22 அங்குலக் குழலில் அது வராது என்று தெரியும், அதைப் பற்றிச் சண்டை இல்லை. ஆனால் வினாடிக்கு 100 அடி குறைந்தால் 100 கஜத்தில் ஸ்லக் கூடுதலாக ஓர் அங்குலம் போலத் தாழும், அவ்வளவுதான். பக்கவாட்டில் சிதறுவதற்கு வெடிமருந்து காரணம் ஆகாது.

காரணம் சேபோ உறையில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். இலக்குக் காகிதத்தில் நான்கு துளைகள் வட்டமாக இல்லை, நீள்வட்டமாக இருந்தன. ஸ்லக் நேராகப் பறக்காமல் தள்ளாடிக்கொண்டு போயிருக்கிறது. சுட்டு முடித்ததும் தரையில் கிடந்த உறைகளைப் பொறுக்கினேன். பழைய லாட்டின் உறைகளில் இதழ்கள் ஒரே அளவுக்கு விரிந்திருந்தன. புதியதில் எட்டு உறை கிடைத்தது. ஐந்தில் ஒரு இதழ் அடியோடு ஒடிந்திருக்கிறது, மற்றவை சரியாக விரியவே இல்லை. பிளாஸ்டிக்கும் கையில் அழுத்தினால் வேறு மாதிரி, விறைப்பாக இருக்கிறது. ரைஃபிளிங்கைப் பிடித்து ஸ்லக்கைச் சுழற்ற வேண்டியதும், குழலைத் தாண்டியதும் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் கழன்று விலக வேண்டியதும் அந்த உறைதான். ஒரு பக்கம் தாமதமாகக் கழன்றால் அது ஸ்லக்கைத் தள்ளிவிட்டுத்தான் போகும்.

சேபோ உறை இல்லாத சாதாரண ஃபாஸ்டர் ஸ்லக்கைப் பாருங்கள். அதன் மேலுள்ள வரிகள் ஸ்லக்கைச் சுழற்றுவதாகப் பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அவை குழல் முனையின் குறுகலான சோக்கில் நசுங்கி வழிவிடத்தான். மூக்கு கனமாகவும் பின்பக்கம் குழிவாகவும் இருப்பதால் இறகுப்பந்து போல நேராகப் போகிறது, 50 கஜம் வரை எந்தத் தொல்லையும் இல்லை. அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை கொடுத்து நான் சேபோ வாங்கியது 50-க்கும் 100-க்கும் இடைப்பட்ட அந்த தூரத்துக்காக மட்டுமே.

ஆகவே எனக்குத் தெரிய வேண்டியது இது: இந்த லாட்டில் உறையின் பிளாஸ்டிக்கையோ வார்ப்பையோ மாற்றினீர்களா? மாற்றியிருந்தால் அதே பெட்டியில், ஒரு வரிகூட அச்சிடாமல் ஏன் விற்றீர்கள்? இதே லாட்டில் வேறு யாராவது புகார் செய்திருக்கிறார்களா? ஆறு பெட்டிக்கான 108 டாலரையும் திருப்பித் தர வேண்டும். மாற்றுத் தோட்டா வேண்டாம்.

இலக்குக் காகிதங்கள், உறைகள், இரண்டு லாட் எண்கள், ரசீது எல்லாவற்றின் படங்களையும் இணைத்திருக்கிறேன். சுடாத பதினேழு தோட்டா என்னிடம் இருக்கிறது. அவற்றை உங்கள் சோதனைக் கூடத்தில் சுட்டுப் பார்ப்பதானால் தருகிறேன். ஆனால் தபாலில் தோட்டா அனுப்ப அனுமதி கிடையாது, அதனால் முறையான கூரியர் ஏற்பாட்டை உங்கள் செலவில் நீங்களே செய்துவிடுங்கள். உறைகளை மட்டும் நானே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நான்கு வருட வாடிக்கையாளர்